கிரந்தமாத்ரம்: மகாபாஷ்யத்தையும் அதன் உரைகளையும் தேடிச் சென்றவர்கள்

வாக்கியபதீயத்தின் இரண்டாம் காண்டம் முடியும் இடத்தில், வாக்கியப் பொருள் பற்றிய விவாதங்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு, ஏறத்தாழப் பத்துச் செய்யுள்கள் வரலாறு பேசுகின்றன. சமஸ்கிருத இலக்கண நூல் ஒன்று தன் துறை கடந்துவந்த பாதையை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது அரிது. வியாடியின் சங்கிரகம் என்னும் பெருநூல், சுருக்கங்களை விரும்பிய இலக்கணிகளின் கையில் வழக்கொழிந்தது. அதன் பின் பதஞ்சலி மகாபாஷ்யத்தை இயற்றினார். ஆழங்காண முடியாத அந்நூலை வைஜி, சௌபவர், ஹர்யக்ஷர் ஆகியோர் வறட்டுத் தருக்கத்தால் சிதைத்தனர். பதஞ்சலியின் மாணவர் வழியிலிருந்து நழுவிய அந்த இலக்கண ஆகமம் காலப்போக்கில் தென்னாட்டாரிடையே நூல் வடிவில் மட்டும் எஞ்சி நின்றது. பிறகு சந்திராசாரியர் முதலானோர் 'பர்வதத்திலிருந்து' ஆகமத்தைப் பெற்று, பாஷ்யத்தின் விதைகளைப் பின்பற்றி, அதைப் பல கிளைகள் கொண்டதாக ஆக்கினர். செய்யுள்கள் சொல்லும் கதை இவ்வளவே.

இதில் 'நூல் வடிவில் மட்டும்' என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் 'கிரந்தமாத்ரே'. சுவடி தேடி ஊர் ஊராக அலையும் நம்மைப் போன்றோர் இச்சொல்லின் முன் சற்று நிற்க வேண்டும். நமக்கு நூல் கிடைத்துவிட்டால் தேடல் முடிந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் இதை எழுதியவருக்கோ நூல் மட்டும் கிடைப்பது இழப்பின் கடைசிப் படி. கற்பிப்போர் இல்லாமல் ஏடு மட்டும் இருக்கும் நிலையை அவர் வாழும் மரபாக எண்ணவில்லை. ஆகவே சந்திராசாரியர் பர்வதத்திலிருந்து பெற்றது ஏடா, அதைப் படிக்கும் முறையா என்ற கேள்வி எழுகிறது. சொல்லை நுணுக்கமாகப் பார்த்தால் முறையே என்றுதான் கொள்ளத் தோன்றுகிறது. ஏடுதான் தென்னாட்டில் இருந்ததே! பெறப்பட்டதாகச் சொல்லப்படுவது 'ஆகமம்', அதாவது வழிவழியாக வரும் கல்வி.

அந்தப் பர்வதம் எது? இரண்டாம் காண்டத்துக்குப் புண்ணியராஜர் பெயரில் வழங்கும் உரை இங்கே ஒரு கதை சொல்கிறது. திரிலிங்க நாட்டின் ஒரு பகுதியில், திரிகூட மலையில், ஒரு பாறைத் தளத்தில் இராவணன் இயற்றிய மூல இலக்கண ஆகமம் இருந்தது. அதை ஒரு பிரம்மராட்சசன் கொண்டுவந்து சந்திராசாரியருக்கும் வசுராதருக்கும் பிறருக்கும் கொடுத்தான். தெலுங்கு நாட்டு ஸ்ரீபர்வதமே இது என்று கருதுவோர் உண்டு. பிரம்மராட்சசனைத் தள்ளிவிடலாம், ஆனால் தென்னாட்டில் ஒரு மலை, கல்லில் ஒரு எழுத்து, வடக்கிலிருந்து தேடி வந்த ஓர் ஆசிரியர் என்ற கதையின் எலும்புக்கூடு கவனிக்கத் தக்கது. அரிய நூலைத் தேடிய பயணத்தைப் பற்றி இலக்கண மரபு தானே பாதுகாத்து வைத்திருக்கும் பழைய நினைவு இது.

இதே நினைவின் மறுமுனை காஷ்மீரத்தில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் எழுதிய இராஜதரங்கிணி, அபிமன்யு என்னும் அரசன் காலத்தில் சந்திராசாரியர் முதலானோர் மகாபாஷ்யத்தைப் பரப்பினர் என்றும், தமக்கென ஓர் இலக்கணமும் இயற்றினர் என்றும் கூறுகிறது. இந்தச் செய்யுளில் ஒரு சொற்றொடரை எப்படிப் பிரிப்பது என்பது பற்றி 19ஆம் நூற்றாண்டு அறிஞர்களிடையே வாதம் நடந்தது. 'ஆதேசம்' என்று பிரித்தால் அரசனின் ஆணையைப் பெற்று என்று பொருள்படும். 'தேசாத்' என்று திருத்திப் பிரித்தால் ஒரு நாட்டிலிருந்து பெற்று என்றாகும். ஓர் 'ஆ'காரம் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதில் ஒரு பயணமே தோன்றி மறைகிறது. ('ஆதேசம்' இலக்கணிகளுக்கு, ஓர் எழுத்தின் இடத்தில் மற்றொன்று வருவதையும் குறிக்கும். இவ்வளவு பொருத்தமான சொல் வேறெங்கும் வாய்த்திருக்காது.)

கல்ஹணர் மற்றொரு செய்தியும் தருகிறார். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஜயாபீடன், தன் நாட்டில் மீண்டும் அறுபட்டுப்போன மகாபாஷ்யக் கல்வியை, வேற்று நாடுகளிலிருந்து விளக்குவோரை வரவழைத்து நிலைநிறுத்தினான் என்கிறார். சுவடிகளை வரவழைத்ததாகச் சொல்லவில்லை, விளக்குவோரை வரவழைத்தான். வாக்கியபதீயச் செய்யுளின் கவலையும் கல்ஹணரின் செய்தியும் இங்கே ஒன்றுபடுகின்றன.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 671இல் சீனாவிலிருந்து புறப்பட்ட யீஜிங் நாளந்தாவில் பல ஆண்டுகள் தங்கி, ஏராளமான சமஸ்கிருத நூல்களுடன் திரும்பினார். பதஞ்சலியின் நூலைச் 'சூர்ணி' என்ற பெயரில் குறிப்பிட்டு, தேர்ந்த மாணவர் அதை மூன்றாண்டுகளில் கற்பர் என்கிறார். அதற்குப் பர்த்ருஹரி எழுதிய உரை 25,000 சுலோக அளவுடையது என்றும் பதிவு செய்கிறார். பர்த்ருஹரி இறந்து நாற்பதாண்டுகளே ஆயின என்று அவர் சொன்னதை நம்பி, நெடுங்காலம் ஆய்வாளர்கள் பர்த்ருஹரியை ஏழாம் நூற்றாண்டில் வைத்திருந்தனர். திக்நாகர் வாக்கியபதீயச் செய்யுள்களை எடுத்தாண்டிருப்பது திபெத்திய மொழிபெயர்ப்புகளின் வழி தெளிவான பிறகே அந்தக் கணக்கு கைவிடப்பட்டது.

பழங்கதைகளாகக் கிடந்த இச்செய்யுள்கள் 19ஆம் நூற்றாண்டில் திடீரென்று ஒரு வழக்கின் சாட்சிகளாயின. தியோடோர் கோல்ட்ஸ்டூக்கர் 1861இல் வெளியிட்ட பாணினி பற்றிய நூலில் வாக்கியபதீயப் பகுதியை எடுத்துக்காட்டினார். அதைக் கண்ட ஆல்பிரெக்ட் வேபர் ஒரு கூர்மையான ஐயத்தை எழுப்பினார். மகாபாஷ்யம் ஒருமுறை சிதைந்தது, இன்னொரு முறை அறுபட்டது, பிறகு யாரோ அதைச் சீரமைத்தனர் என்று மரபே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் நம் கையில் இருப்பது பதஞ்சலியின் நூல்தானா? சந்திராசாரியர் குழுவினர் மீண்டும் கட்டிய நூலா? பதஞ்சலியின் சொற்களைக் கொண்டு கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் மொழியையும் சமூகத்தையும் பற்றி நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் இந்தக் கேள்விக்குக் கடன்பட்டிருக்கிறது.

இதற்குக் குரலை உயர்த்திப் பதில் சொல்லிப் பயனில்லை. சுவடிகளைக் கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். பூனாவின் டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய ஃபிரான்ஸ் கீல்ஹார்ன் அதைத்தான் செய்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1868இல், லாகூர்ப் பண்டிதர் இராதாகிருஷ்ணரின் வேண்டுகோளை ஒட்டி, நாடெங்கும் சமஸ்கிருதச் சுவடிகளைத் தேடிப் பட்டியலிடும் திட்டத்தை அரசு தொடங்கியிருந்தது. அத்திட்டத்தின்கீழ் கியோர்க் பியூலர் 1875இல் காஷ்மீரம் சென்றார். 1877இல் வெளிவந்த அவருடைய பயண அறிக்கை, சுவடித் தேடலில் இறங்கும் எவரும் முதலில் படிக்க வேண்டியது. நூல்பட்டியலாகத் தொடங்கினாலும், எந்தக் குடும்பத்தில் என்ன இருந்தது, யார் காட்டினார், யார் மறைத்தார், பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய ஏடு எவ்வாறு உதிர்கிறது என்றெல்லாம் விரிகிறது. புதிய படி எடுத்துத் தரும்போது விடுபட்ட இடங்களை நிரப்பித் தரவேண்டுமா என்று தம்மிடம் கேட்கப்பட்டதாகப் பியூலர் எழுதுகிறார். கேட்டவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். விருந்தினருக்கு ஓட்டைப் பாத்திரத்தில் சோறிட மனம் வராத இயல்பு அது. ஆனால் வேபரின் ஐயத்தை நினைவில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைப் படித்தால் முதுகு சில்லிடும்.

பியூலர் திரட்டிய காஷ்மீரச் சுவடிகள் இன்று புணேயின் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் உள்ளன. கீல்ஹார்ன் 1880 முதல் 1885 வரை மூன்று தொகுதிகளாக மகாபாஷ்யத்தைப் பதிப்பித்தபோது காஷ்மீரப் படிகளையும் ஒப்பிட்டார். வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்த சுவடிகள் ஒரே பாடத்தின் சிறு வேறுபாடுகளையே காட்டின. உருவத்தில் மாறிய இரண்டு மகாபாஷ்யங்கள் எங்கும் இல்லை. வேபரின் ஐயம் பெரும்பாலும் அடங்கியது. முற்றிலும் அடங்கியது என்று சொல்ல மாட்டேன். நம்மிடம் உள்ள சுவடிகள் அனைத்தும் ஒரே மூலப்படியிலிருந்து கிளைத்தவை என்று 1986இல் மைக்கேல் விட்செல் வாதிட்டார். சுவடிகள் ஒருமித்துச் சொல்வது, பழைய நூல் மாறாமல் வந்தது என்பதற்குச் சான்றாகலாம். ஒரே ஒரு படிதான் பிழைத்தது என்பதற்கும் அதுவே சான்றாகலாம். அந்த ஒரு படிக்கு முன்னால் என்ன இருந்தது என்று அறிய மூலச் சுவடிகள் உதவா. அங்கேதான் பழைய உரைகள் தேவைப்படுகின்றன. உரையாசிரியர் தம் காலத்துப் பாடத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்து விளக்குகிறார்; நம் சுவடிகளில் இல்லாத பாடம் அவர் உரையில் ஒளிந்திருக்கக் கூடும்.

மகாபாஷ்யத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய உரை பர்த்ருஹரியுடையது. இன்று அது 'மகாபாஷ்யதீபிகை' என்று வழங்கப்படுகிறது. அவர் மூன்று பாதங்களுக்கு உரை எழுதியதாக 12ஆம் நூற்றாண்டு வர்த்தமானர் குறிப்பிடுகிறார். காஷ்மீரத்துக் கையடர் தம் 'பிரதீப'த்தைத் தொடங்கும்போது, ஹரி கட்டிய பாலத்தின் மீதுதான் பாஷ்யக் கடலைக் கடக்கப்போவதாகச் சொல்கிறார். அந்தப் பாலத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரு கரையோரத் துண்டு மட்டுமே: முதல் ஏழு ஆஹ்நிகங்கள், அதாவது ஒரு முழுப் பாதம்கூட இல்லை. அதுவும் ஒரே ஒரு சுவடியில். அந்தச் சுவடி இருப்பது பெர்லினில்.

இந்தியாவில் தேடியவர்களுக்குக் கிடைக்காதது பெர்லினுக்கு எப்படிப் போயிற்று? கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த சர் இராபர்ட் சேம்பர்ஸ் சமஸ்கிருதச் சுவடிகளைத் திரட்டியவர். அவர் 1803இல் இறந்தார். அவருடைய தொகுப்பை 1842இல் பிரஷ்ய அரசு விலைக்கு வாங்கி அரச நூலகத்தில் வைத்தது. 1853இல் அதற்கு அட்டவணை தயாரித்தவர் வேறு யாருமில்லை, மேலே கண்ட வேபர்தான்! மகாபாஷ்யத்தின் நம்பகத்தைக் கேள்விக்குள்ளாக்கியவரின் கையிலேயே, அந்தக் கேள்விக்கு உதவக்கூடிய பழைய சாட்சியும் இருந்தது. சுவடியில் முதல் ஏடு இல்லை, பிழைகள் மலிந்தது, இறுதியும் அறுபட்டது. வி. சுவாமிநாதன் 1965இல் காசியிலும், அப்யங்கரும் லிமயேவும் 1970இல் புணேயிலும் தீபிகையைப் பதிப்பித்தனர். 1980களில் பண்டார்க்கர் நிறுவனம் மொழிபெயர்ப்புடன் பகுதி பகுதியாக மீண்டும் வெளியிட்டது. ஒரே சுவடி என்பதால் பாடபேதம் காட்ட இடமில்லை. ஒவ்வொரு பதிப்பாசிரியரும் அதே கறைபடிந்த எழுத்துகளை நோக்கித் தம் ஊகத்தைச் சொல்ல வேண்டியதுதான்.

சந்திராசாரியருக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாஷ்யத்தை மீட்டவராகக் கொண்டாடப்பட்ட அவருடைய சொந்த இலக்கணமான சாந்திர வியாகரணம் இந்தியச் சமவெளியில் வழக்கொழிந்துபோனது. அதன் சுவடிகள் நேபாளத்திலும், மொழிபெயர்ப்பு திபெத்திய மொழியிலும் கிடைத்த பிறகு புரூனோ லீபிஷ் 1902இல் அதைப் பதிப்பித்தார்.

வாக்கியபதீயத்தின் உரைகளைத் தேடிய கதை வடக்கிலிருந்து மீண்டும் தெற்கே நம்மைக் கொண்டுவருகிறது. 1880களில் காசியில் அச்சான பதிப்பில் முதல் காண்டத்துக்குப் புண்ணியராஜர் பெயரில் ஓர் உரை இருந்தது. பண்டித சாருதேவ சாஸ்திரி 1934இல் லாகூரில் விரிவான விருத்தியைப் பதிப்பித்து, காசிப் பதிப்பில் இருந்தது அந்த விருத்தியின் சுருக்கமே என்று காட்டினார். விருத்தி பர்த்ருஹரியே எழுதியது என்பது அவர் முடிவு. மூன்றாம் காண்டத்துக்குக் காஷ்மீரத்து ஹேலாராஜர் எழுதிய உரை திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் 1935இலும் 1942இலும் வெளிவந்தது. காஷ்மீரத்தில் எழுதப்பட்டதைக் கேரளம் காப்பாற்றிக் கொடுத்தது. முதல் காண்டத்துக்கு அவர் எழுதிய உரை எங்கும் கிடைக்கவில்லை. மூன்றாம் காண்ட உரையிலும் இடையே ஓரிடம் அறுபட, அதைப் புல்லராஜர் என்பவர் இட்டு நிரப்பியிருக்கிறார். லக்னோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே. ஏ. சுப்பிரமணிய ஐயர், விருஷபதேவரின் பத்ததியுடன் முதல் காண்டத்தை 1966இல் பதிப்பித்தார். இரண்டாம் காண்டத்தின் விருத்திக்குச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ள குறையுடைய ஒரு படியே ஆதாரமாயிற்று.

அந்த நூலகத்தின் முறையை அறிந்துகொள்வது நல்லது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குறிப்பாக எஸ். குப்புசாமி சாஸ்திரியார் காலத்தில், பண்டிதர் குழு ஒன்று ஊர் ஊராகச் சென்றது. உ.வே.சா.வின் அனுபவங்களைப் படித்த நமக்கு இதன் சிரமம் புதிதன்று. சுவடியை விற்க மறுத்தவர்களிடம் இரவல் வாங்கி, காகிதத்தில் படியெடுத்து, ஏட்டை உரியவரிடமே திருப்பித் தந்தனர். மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்த அட்டவணைகளில், எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்த வீட்டாரின் சுவடியிலிருந்து படியெடுக்கப்பட்டது என்ற குறிப்பு பல பதிவுகளில் உண்டு. இதே காலத்தில் திருவனந்தபுரத்துக் கணபதி சாஸ்திரியார், பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் கிடைத்த மலையாள எழுத்துக் கட்டு ஒன்றில் பத்து முழு நாடகங்களும் பதினொன்றாவதன் தொடக்கமும் இருக்கக் கண்டு, 1912 முதல் பாசனின் நாடகங்களாக வெளியிட்டார். அந்த ஊர் இன்று குமரி மாவட்டத்தில் இருக்கிறது.

நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் காகிதப் படிகளை. பனையோலை நூற்றாண்டுகள் தாங்கும். நூறாண்டுக்கு முந்தைய காகிதம் விரல்பட்டாலே விளிம்பு உதிர்கிறது. படியெடுத்தவர் பழைய மலையாள எழுத்தில் 'ப'வையும் 'வ'வையும் குழப்பியிருந்தால், அதைச் சரிபார்க்க மூல ஏடு வேண்டும். மூல ஏடு எங்கோ ஒரு வீட்டுப் பரணில். இந்த வேறுபாடு சிறியதன்று. விருத்தியை எழுதியவர் பர்த்ருஹரியா, வேறொருவரா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. சுப்பிரமணிய ஐயரும் அசோக் அக்லூஜ்கரும் பர்த்ருஹரியே என்றனர். மத்லேன் பியார்தோவும் யோஹன்னஸ் பிரோங்கார்ஸ்ட்டும் மறுத்தனர். காரிகையும் விருத்தியும் முரண்படுவதாகக் காட்டப்படும் ஓரிடம் ஆசிரியர் வேறுபாட்டால் வந்ததா, படியெடுத்தவரின் கைப்பிழையா என்று எப்படிச் சொல்வது? என்னைப் பொறுத்தவரை, இரண்டாம் காண்டத்தில் இப்போதுள்ள ஆதாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வாதத்தை முடித்துவிட்டதாகச் சொல்பவர் எந்தப் பக்கத்தவரானாலும் அவசரப்படுகிறார்.

சென்ற ஆண்டு ஓர் அட்டவணைக் குறிப்பின் பின்னால் மலபாரில் ஒரு வீட்டைத் தேடிச் சென்றேன். வீடு பாகப்பிரிவினையில் பல பங்காகியிருந்தது. ஒரு முதியவர் மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். தந்திர நூல்கள், சோதிடக் கணக்குகள், ஆயுர்வேதக் குறிப்புகள். அவற்றுக்கிடையே, சொல்லும் பொருளும் பற்றிப் பேசும் இலக்கண ஏடுகள் நான்கு. புல்தைல மணம் இன்னும் போகவில்லை. நான் படம் எடுத்து முடிக்கும் வரை பொறுமையாக இருந்தவர், "இது உங்களுக்குப் படிக்க வருமா?" என்று மலையாளத்தில் கேட்டார். படித்துக் காட்டினேன். தம் தாத்தாவுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் படித்ததில்லை என்றார். அந்த நான்கு ஏடுகள் வாக்கியபதீயத்தைச் சேர்ந்தவை அல்ல; அறியப்பட்ட ஒரு நூலின் சிதறல்தான்.

தென்னாட்டில் நூலாக மட்டும் எஞ்சியது என்ற செய்யுளின் சொல் அப்போது நினைவுக்கு வராமல் இல்லை. அச்செய்யுளையே பர்த்ருஹரி எழுதினாரா, அவர் மாணவர் ஒருவர் சேர்த்தாரா என்பதும் வாதத்துக்குரியதுதான்.

இதைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் பக்கத்து இல்லங்களிலோ, தஞ்சை, நெல்லை மாவட்ட அக்கிரகார வீடுகளிலோ மலையாள எழுத்திலும் கிரந்த எழுத்திலும் உள்ள வியாகரணச் சுவடிகள் இருப்பது தெரிந்தால் செய்தி அனுப்புங்கள். பெயர்ச்சீட்டை நம்ப வேண்டாம். 'வியாகரணம்' என்று மட்டுமே எழுதியிருக்கக்கூடும், சில நேரம் அதுவும் இருக்காது. கட்டை இறுக்கமாக அவிழ்க்க வேண்டாம், ஒட்டிய ஏடுகளைப் பிரிக்கவும் வேண்டாம். முதல் ஏடு, கடைசி ஏடு, நடுவில் ஏதேனும் ஒன்று. மூன்றின் இரு பக்கங்களையும் சாய்வான பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தால் போதும். யாருடைய வீடு என்பதை உரியவர் அனுமதியின்றி யாரிடமும் சொல்ல மாட்டேன்.